இரண்டு மணிப் பூச்சி

எல்வுட் மஸ்ஸர் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்த வெப்பமானியை நூலைப் பிடித்து மேலே இழுத்தான். ஐம்பத்திரண்டு. நேற்றும் ஐம்பத்திரண்டுதான், அதற்கு முந்தின நாள் ஐம்பத்தொன்று. ஃபாரன்ஹீட் கணக்கில் ஐம்பதைத் தொட்டு மூன்று நாள் நின்றால் ஹெண்ட்ரிக்சன் என்கிற ஓடைப்பூச்சி தண்ணீருக்கு மேலே கிளம்பிவிடும் என்பதில் கிட்டில் ஓடைக்காரர்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கரையில் சர்வீஸ்பெரி மரங்கள் வெள்ளையாகப் பூத்து, உதிரவும் தொடங்கிவிட்டன. மணி இரண்டேகால். தண்ணீரின் மேல் ஒரு பூச்சிகூட இல்லை.

"எவ்ளோ?" என்று கரையிலிருந்து கேலன் கேட்டான்.

"அம்பத்தி ரெண்டு."

"பொய் சொல்லுது. உன் கருவிய... உன்ன மாதிரியே வளத்து வெச்சிருக்க."

இதைச் சொல்லி முடிக்க அவன் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. கேலன் எல்வுட்டின் தம்பி. நாற்பத்தேழு வயது. மாட்டுக் கொட்டகைகளுக்குத் தகரக் கூரை போடுகிறவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கூரையின் உச்சியில் இருந்தபோது கையிலிருந்த திருப்புளி காரணமில்லாமல் நழுவி விழுந்தது. அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். இப்போது கழுத்துக்குக் கீழே அவனுக்கென்று மிச்சம் இருப்பது இடது கைக் கட்டைவிரலும் பக்கத்தில் இரண்டு விரல்களும்தான். நோய் நரம்பைத் தின்றுகொண்டே வந்து இப்போது மூச்சுக்கு வந்திருக்கிறது.

தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து இயந்திரத்தில் மூச்சு விட்டால் இரண்டு வருடம், மூன்று வருடம்கூட ஓட்டலாம் என்று நகரத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வைக்காவிட்டால் இலையுதிர்காலம் பார்ப்பது கஷ்டம். ஏப்ரல் முப்பது வியாழக்கிழமை பதில் சொல்ல வேண்டும். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் அறுவையைத் தாங்க நுரையீரலில் தெம்பு இருக்காது. கேலனின் மனைவி ஆர்லீன் அந்த ஆஸ்பத்திரி அறையிலேயே அவன் காலைப் பிடித்துக்கொண்டு சரி என்று சொல்லச் சொன்னாள். அவன் சொல்லவில்லை. வீடு திரும்பும் வழியில் எல்வுட்டிடம் மட்டும் சொன்னான்.

"ஹெண்ட்ரிக்சன் கிளம்பட்டும். இந்த நாற்காலில உக்காந்து... அந்த ரெண்டு மணி நேரத்தப் பாக்குறேன். பாத்தப்புறமும் இன்னொரு வருஷம் வேணும்னு தோணுச்சுன்னா குழாய் போட்டுக்குறேன். தோணலன்னா விட்டுரு."

இதைக் கேட்டதிலிருந்து எல்வுட்டுக்குத் தூக்கம் போனது. வெளியில் ஏதோ பைத்தியக்காரப் பேச்சாகத் தெரியலாம். எல்வுட்டுக்கு அப்படித் தெரியவில்லை. தம்பிக்கு வேதாகமம் சொல்லாத ஒன்றை அந்த இரண்டு மணி நேரம் சொல்லும் என்று அவனுக்குத் தெரியும். ஒரு வருடம் முழுக்கக் கல்லுக்கு அடியில் கிடந்த இளம்பூச்சிகள் ஒரு மதியம் மொத்தமாக மேலே வந்து, முதுகுத் தோலைக் கிழித்துக்கொண்டு, சாம்பல் நிற இறக்கைகளை நிமிர்த்திப் படகு போலத் தண்ணீரில் மிதந்து வரும். இறக்கை காய்ந்ததும் பறக்கும். காய்வதற்குள் டிரவுட் மீன் மேலே வந்து விழுங்கும். கேலன் பத்து வயதிலிருந்து ஒரு வருடம்கூட அதைத் தவறவிட்டதில்லை. கல்யாணத்தையே அதற்காக ஜூனுக்குத் தள்ளிப்போட்டவன்.

மலைப் பாதைகள் பனி உருகிச் சேறாகக் கிடந்ததால் எல்வுட்டின் மரம் ஏற்றும் லாரி ஏப்ரல் முழுக்க நின்றுதான் கிடந்தது. அது இந்த வருடம் வசதியாகப் போயிற்று. பதினெட்டாம் தேதியிலிருந்து தினமும் ஒரு மணிக்குத் தம்பியை வேனில் ஏற்றி, பழைய ஆலை அணைக்குக் கீழே இருக்கும் பெரிய மடுவுக்குக் கொண்டுவந்து, பலகை போட்டு நாற்காலியை இறக்கி, மடியில் கம்பளிப் போர்வையைப் போர்த்திவிட்டு, தான் மார்பு வரை வரும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்பான். மீன் மேலே வந்தால் எல்வுட் தூண்டிலை வீசுவது, கேலன் அந்த மூன்று விரல்களுக்கு நடுவில் நூலைப் பிடித்துக்கொள்வது என்று ஏற்பாடு. மீன் இழுத்தால் அந்த இழுப்பு அவன் விரலுக்கு வரும். அது போதும் என்று கேலன் சொல்லியிருந்தான்.

மீன் மேலே வர வேண்டும், பிரச்சினை அதுதான். கிட்டில் ஓடையில் ஒரு சட்டம் உண்டு. ஹெண்ட்ரிக்சன் நாட்களில் நிஜப் பூச்சியை ஒரு மீன் மேலே வந்து தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தூண்டிலை எடுக்கலாம். அதற்கு முன்னால் வெறுந்தண்ணீரில், இறகும் நூலும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை வீசுகிறவனை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் திட்டமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். அவனோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். தபால்காரன் டுவைட் ஹாக்கன்பெர்க் இருபது வருடத்துக்கு முன்னால் அவசரப்பட்டு ஒரு முறை வீசிவிட்டு இன்றைக்கும் அதற்காகக் கேலி வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அந்த டுவைட்தான் இருபத்திரண்டாம் தேதி தபால் வண்டியை நிறுத்திவிட்டுக் கரைக்கு இறங்கி வந்தான். மலைக்கு அந்தப் பக்கம், இதைவிட உயரத்தில், இதைவிடக் குளிராக ஓடுகிற ஓடையிலேயே பத்தொன்பதாம் தேதி பூச்சி கிளம்பிவிட்டது என்றும், தொப்பியில் அள்ளலாம் போல வருகிறது என்றும் சொன்னான். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தவன் மாதிரி தன் பூட்ஸைப் பார்த்தான்.

அங்கே போகலாமா என்று எல்வுட் கேட்டான். நாற்பது நிமிடப் பயணம், பாதை நல்ல பாதை, பாலத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இறக்க இடமும் இருக்கிறது.

"பாலத்து மேல பத்துப் பேரு நிப்பான்," என்றான் கேலன். "பூச்சியப் பாக்காம என்னையப் பாப்பான். நான் இந்தத் தண்ணிக்கு வந்தவன். இது வரலன்னா வரலதான்."

அப்புறம் டுவைட்டைப் பார்த்து, "நீ போயி கடுதாசி போடுடா. வெறுந்தண்ணில வீசுற பயலோட எனக்கென்ன பேச்சு," என்றான். டுவைட் சிரித்துக்கொண்டே மேட்டில் ஏறினான். ஏறி முடிக்கும்போது அவன் சிரிக்கவில்லை என்பதை எல்வுட் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை இருபத்து நான்காம் தேதி ஒரு பூச்சி வந்தது. ஒன்றே ஒன்று. அணைப் பக்கத்திலிருந்து காற்றில் தடுமாறிக்கொண்டு வந்து கேலனின் மடியில், போர்வை மேல் உட்கார்ந்தது. எல்வுட் தண்ணீரிலிருந்து ஓடியே வந்துவிட்டான். நிமிர்ந்த சாம்பல் இறக்கை, இளஞ்சிவப்பு வயிறு, மூன்று வால். ஹெண்ட்ரிக்சனேதான். கேலனின் முகத்தில் ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த என்னவோ ஒன்று திரும்பி வந்ததை எல்வுட் கண்ணால் கண்டான்.

"பொம்பளப் பூச்சி," என்றான் கேலன். "முன்னாடி ஆள் அனுப்பியிருக்காளுங்க. நாளைக்கு மொத்தக் குடும்பமும் வரும் பாரு."

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூச்சி இரண்டு அடி நடந்தது. பிறகு அதன் கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நடுங்கின. பக்கவாட்டில் சாய்ந்தது. இறக்கை ஒன்று போர்வையில் ஒட்டிக்கொள்ள, மற்றதை அடித்து அடித்துச் சுற்றியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, சுருண்டுவிட்டது.

"நோஞ்சான்," என்றான் கேலன் வருத்தமாக. "குளிரு தாங்கல போல."

எல்வுட் அதை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தான். குளிரில் பூச்சி இப்படிச் சாகாது. இப்படிக் கால் பின்னி, நடுங்கி, சுழன்று சாவது எது என்று அவனுக்குத் தெரியும். மார்ச் மாதத்தில் தன் கால்சட்டையில் ஏறிய உண்ணி அப்படித்தான் செத்தது.

இந்தப் பக்கத்தில் காட்டுக்குப் போகிறவன், ஓடைக்குப் போகிறவன் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. உண்ணி கடித்தால் காய்ச்சல், மூட்டுவலி, சிலருக்கு மூளை வரைக்கும் போகும். அதனால் பண்ணைக் கடையில் விற்கிற மாட்டு உண்ணி மருந்தை வாங்கி, வாளித் தண்ணீரில் கலந்து, உடுப்புகளை முக்கிக் காயப்போடுவார்கள். ஆறு வாரத்துக்கு ஒரு உண்ணி கிட்டே வராது. எல்வுட் இந்த வருடம் இரண்டு பங்கு மருந்து கலந்தான். தம்பிக்கு உணர்ச்சி போகவில்லை, அசைவுதான் போயிற்று. உண்ணி காலில் ஏறுவது அவனுக்குத் தெரியும், தட்டிவிடத்தான் கை வராது. கடித்துக்கொண்டே இருக்க, உட்கார்ந்து அனுபவிக்க வேண்டும். அதை நினைக்கவே எல்வுட்டுக்குப் பொறுக்கவில்லை. கேலன் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு நாளில் அவன் சட்டை, கால்சட்டை, நாற்காலியின் துணி, இந்தக் கம்பளிப் போர்வை எல்லாவற்றையும் முக்கியெடுத்தான். கம்பளிக்காகவே பெரிய தொட்டி நிறையக் கலக்க வேண்டியிருந்தது.

மிச்சத்தை எங்கே கொட்டினான் என்பது அப்போது அவனுக்கு நினைவுக்கு வந்தது. வந்த கையோடு அதை மூடி வைத்துவிட்டான். கேலனை வேனில் ஏற்றி, வீட்டில் விட்டு, ஆர்லீன் கொடுத்த பீட்ரூட்டில் ஊறிய முட்டையைத் தின்று, தன் வீட்டுக்குப் போய்ப் படுத்தான். விடியும் வரை படுத்திருந்தான்.

சனிக்கிழமை வெளிச்சம் வந்ததும் தனியாக மடுவுக்குப் போனான். கை மரத்துப்போகும் தண்ணீரில் ஒரு கல்லைப் புரட்டினான். ஏப்ரல் கடைசியில் ஒரு உள்ளங்கை அளவுக் கல்லின் அடியில் பத்து, பதினைந்து இளம்பூச்சிகள் முதுகில் கறுத்த இறக்கைப் பையோடு ஓட வேண்டும். இந்தக் கல் கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. இன்னொன்றைப் புரட்டினான். இன்னொன்றை. மடுவின் தலையிலிருந்து கால் வரைக்கும், அதற்குக் கீழே அரை மைல் தூரத்துக்கும், குனிந்து குனிந்து எத்தனை கல் என்று தெரியாமல் புரட்டினான். நத்தைகள் இருந்தன. மண்புழு ஒன்று இருந்தது. கால் உள்ள எதுவும் இல்லை.

பிறகு மேலே போனான், போகாமல் இருக்க முடியாதே. அணைக்கு முப்பது அடி கீழே, கேலன் வீட்டுப் பின்னாலிருந்து வரும் ஊற்றுநீர் சின்னக் கால்வாயாக ஓடையில் வந்து கலக்கிறது. அந்த வாய்க்குக் கீழே ஒரு கல்லை எடுத்தான். வெறுமை. வாய்க்கு மேலே பத்து எட்டு நடந்து, அணையின் உடைந்த கற்களுக்கு நடுவில் ஒரு கல்லை எடுத்தான். அதன் அடியில் பூச்சிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு ஓடின. ஒன்று அவன் கட்டைவிரல் மேல் நடந்தது.

எல்வுட் அந்தக் கல்லை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்தான். பிறகு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். ரப்பர் உடைக்குள் மார்பு வழியாகத் தண்ணீர் புகுந்தது, அது அவனுக்குத் தெரியவில்லை.

மார்ச் பதினான்கு. தரை இன்னும் இறுகிப் பனியாகக் கிடந்தது. மற்ற வருடங்களில் மிச்ச மருந்தைச் சரளைப் பாதையில் கொட்டிவிடுவான், மண் குடித்துவிடும். அன்றைக்குக் கொட்டினால் பனிமேல் தேங்கி நிற்கும், ஆர்லீனின் பூனை நக்கிவிடும், பூனைக்கு அந்த மருந்து எமன். அதையெல்லாம் அவன் யோசித்தான், அதுதான் கொடுமை. பொறுப்பாக நின்று யோசித்துவிட்டு, ஊற்றுக்கு மேல் கட்டியிருந்த கல்கொட்டிலுக்குள் தொட்டியை இழுத்துப்போய், தரையிலிருந்த வடிகாலில் கவிழ்த்தான். வடிகால் எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியாதா? அந்தக் குழாயைப் புதைக்கும்போது கேலனோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்தவனே அவன்தான். ஒரு தொட்டி மருந்து, அத்தனை பெரிய ஓடை, கரைந்துபோகும் என்று நினைத்தான். நினைத்தானா என்பதும் நிச்சயமில்லை. பூனையைப் பற்றித்தான் நினைத்தான். எண்ணெய்க் கையை ஓடையில் கழுவியதற்காக ஒரு முறை டுவைட்டின் சட்டையைப் பிடித்தவன், பூச்சியைக் கொல்லும் மருந்தைப் பூச்சி வாழும் தண்ணீரில் தன் கையாலேயே ஊற்றினான். அடுத்த வாரம் மூன்று டிரவுட் செத்து மிதந்தபோது, பனிக்கட்டி உடைந்து அடிபட்டிருக்கும் என்று தம்பியிடம் சொன்னதும் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்த ஆர்லீன் அவனைச் சமையலறையில் நிறுத்தினாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், பெரிய குரல்காரி. அன்றைக்குக் குரல் எழும்பவே இல்லை.

"நாலு நாளு இருக்கு எல்வுட். அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான். அந்தப் பூச்சி வந்தா சரின்னு சொல்லுவான்னு எனக்குத் தெரியும். நீயும் மறைக்காத. அது வருமா, வராதா?"

வரும் என்று எல்வுட் சொன்னான். அந்த ஒரு சொல்லைச் சொன்னதும் அதை உண்மையாக்கியே தீர வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. அணைக்கு மேலே எல்லாம் பாறையும் புதரும், நாற்காலியை இறக்க இடம் கிடையாது. மூழ்குகிறவன் புத்தி எப்படிப் போகுமோ அப்படித்தான் போயிற்று.

திங்கட்கிழமை லாரிக்கு ஏதோ பாகம் வாங்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு மலையைத் தாண்டிப் போனான். டுவைட் சொன்னது சரிதான். இரண்டு மணிக்கு அந்த ஓடையில் ஹெண்ட்ரிக்சன்கள் வரிசை வரிசையாக மிதந்து வந்தன. மீன்கள் இடமும் வலமுமாக மேலே வந்து தின்றன. எல்வுட் தூண்டில் இல்லாமல், ஆர்லீனின் கேக் டப்பாவைக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தொப்பியால் பூச்சிகளை அள்ளி அள்ளி உள்ளே போட்டான். பாலத்தின் மேல் இருந்தவர்கள் பார்த்தார்கள். மீனை விட்டுவிட்டு இரையைப் பிடிக்கிறான் பார் என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். எல்வுட்டும் அவர்களைப் பார்த்துச் சிரித்தான். முகத்தில் ஈரம் இருந்தால் ஆற்றுத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான்.

எழுபது பூச்சி இருக்கும். ஒரு நாள் போனால் அவை இன்னொரு முறை தோல் உரித்து, சாம்பல் இறக்கை போய்க் கண்ணாடி இறக்கையாகிவிடும். அப்புறம் அவற்றை இரண்டு மணிக்குத் தண்ணீரில் பார்க்கிறவன் சின்னப் பிள்ளையாக இருந்தாலும் அப்போதுதான் கிளம்பி வந்தவை என்று நம்பமாட்டான். குளிரில் வைத்தால் உரிப்பது தள்ளிப்போகும். தன் வீட்டுக் குளிர்பெட்டியில் பீர் பாட்டில்களை எடுத்துவிட்டு டப்பாவை வைத்தான். மறுநாள் மதியம் திறந்தபோது பாதிக்கு மேல் உரித்திருந்தன. மிச்சம் முப்பது இருந்தன, சாம்பல் இறக்கையோடு, குளிரில் மரத்து.

செவ்வாய்க்கிழமை கேலனைக் கரையில் உட்காரவைத்து, வேறொரு போர்வையைப் போர்த்தி, அணைக்குக் கீழே வெப்பம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடந்தான். டப்பாவைக் கோட்டுக்குள் வைத்திருந்தான். அணைக்குக் கீழே குனிந்து, பூச்சிகளை ஒவ்வொன்றாக விரல் நுனியில் எடுத்துத் தண்ணீரில் இறக்கினான். அவை இறக்கையை நிமிர்த்திக்கொண்டு அழகாக மிதந்து போயின. எல்வுட் புதர்களுக்குப் பின்னால் ஓடி, மூச்சு வாங்குவதை அடக்கிக்கொண்டு, தம்பியின் பக்கத்தில் வந்து நின்றான்.

மடுவின் தலையில் முதல் இறக்கை தெரிந்தது. பிறகு மூன்று, பிறகு ஏழெட்டு.

"வந்துருச்சு," என்றான் கேலன்.

அவன் அதைச் சொன்ன விதம் எல்வுட்டுக்குச் சாகும் வரைக்கும் போதும். கேலனின் மூன்று விரல்களும் நாற்காலியின் கை மேல் அசைந்தன, நூலைக் கேட்டன. எல்வுட் நூலை விரல்களுக்கு நடுவில் வைத்தான். தூண்டிலைக் கையில் எடுத்துக்கொண்டான். ஒரு மீன், ஒரே ஒரு மீன் மேலே வந்துவிட்டால் போதும்.

பூச்சிகள் மடுவின் நடுவுக்கு வந்தன. சனிக்கிழமை எல்வுட் கவனிக்க மறந்த ஒன்றை இப்போது கவனித்தான். தின்ன ஒன்றும் இல்லாத தண்ணீரில் மீன் எதற்காக இருக்கப்போகிறது? முப்பது பூச்சிகளும் பெரிய பாறையைத் தாண்டின, வேர்களின் நிழலைத் தாண்டின. ஒவ்வொரு வருடமும் கிழட்டு மீன் படுத்திருக்கும் பள்ளத்தைத் தாண்டின. தண்ணீரில் ஒரு வட்டம்கூட விழவில்லை. பூச்சிகள் வந்த கூட்டமாகவே மடுவின் கடைசி வரைக்கும் போய், சரிவில் இறங்கி, மறைந்துவிட்டன. இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை.

கேலன் அவை போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூச்சியப் புடிச்சிட்டு வந்த எடத்துல," என்றான், "அப்படியே நாலு மீனையும் புடிச்சிட்டு வந்திருக்கலாம்ல."

எல்வுட் தூண்டிலைப் புல்லில் வைத்தான். பிறகு மண்டியிட்டு, நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். தொட்டி, மருந்து, பனி, பூனை, வடிகால், கற்கள். ஒன்றையும் தனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. கேலன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடிந்ததும், கூரை ஒழுகுகிறது என்று கூப்பிட்ட வீட்டுக்காரனைக் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டான். எத்தனை டப்பா மருந்து, எத்தனை மணிக்குக் கொட்டினாய், கீழே எவ்வளவு தூரம் பார்த்தாய்?

"அந்த மூணு மீனு," என்றான் பிறகு. "ஐஸ் அடிச்சதுன்னியே."

"ஆமா."

"எதுக்குடா ரெண்டு பங்கு?"

கோபத்தில் சின்னவன் பெரியவனை டா என்பது அந்த வீட்டில் எப்போதாவது நடப்பதுதான். இதில் கோபம் இல்லை.

"உன் போர்வைக்கு," என்றான் எல்வுட். "உண்ணி ஏறுனா உன்னால தட்டிவிட முடியாதேன்னு."

கேலன் கண்ணை மூடிக்கொண்டான். அடித்தால் நன்றாக இருக்கும் என்று எல்வுட்டுக்குத் தோன்றியது, அடிக்க அந்த உடம்பில் கை இல்லை. வாயாலாவது ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தான்.

"ஆர்லீன்கிட்ட சொல்லாத," என்றான் கேலன் கடைசியாக. "செத்தாலும் சொல்லாத. நான் போனப்புறம் அவளுக்குன்னு இருக்கப்போறது... நீ ஒருத்தன்தான். உன்னையும் வெறுத்துட்டாள்னா அவ யாருகிட்ட போவா?"

புதன்கிழமை ஓடைக்குப் போகவில்லை. எல்வுட் தம்பிக்கு முட்டைக் கஸ்டர்டைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தபோது, குழாய் போட்டுக்கொள், எனக்காகப் போட்டுக்கொள் என்று கெஞ்சினான். கேலன் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, எதைப் பார்க்க என்று மட்டும் கேட்டான். எல்வுட் அடுத்த கரண்டியை எடுத்தான். ஆர்லீனைப் பார்க்க, என்னைப் பார்க்க, கிறிஸ்துமஸ் பார்க்க என்று வேறு யாராவது சொல்லியிருக்கலாம். அவனும் சொல்லியிருக்கலாம். அவன் வாயிலிருந்து அது வருவதற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேலனின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டாள். கேலன் வேண்டாம் என்றான். யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று அவள் கேட்டதற்கு, ஒரு மாதமாக அதைத்தான் யோசித்தேன் என்றான். ஆர்லீன் அவனைப் பார்க்கவில்லை. திரும்பி எல்வுட்டைப் பார்த்தாள். நீ சொன்னால் கேட்பான், இப்போது சொல், இப்போதாவது சொல் என்று அவள் முகம் கேட்டது. எல்வுட் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் காகிதத்தில் எழுதினாள்.

திரும்பும் வழியில் மலைச்சரிவெல்லாம் இலை விட்டிருந்தது. முன்னால் எல்வுட் ஓட்ட, பின்னால் நாற்காலியைக் கட்டிய இடத்தில் கேலனும் பக்கத்தில் ஆர்லீனும் இருந்தார்கள். அவள் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்கிய அழுகையை இன்னும் நிறுத்தவில்லை. கிட்டில் ஓடைப் பாலத்தைத் தாண்டும்போது கேலன் எல்வுட்டைக் கூப்பிட்டான்.

"மேலேருந்து பூச்சி எறங்கி வந்து... தண்ணி பழையபடி ஆக எத்தன வருஷம் ஆகும்?"

"நாலு," என்றான் எல்வுட். "அஞ்சு ஆகலாம்."

"நீ இருந்து பாரு."

ஆர்லீனுக்கு அது புரியவில்லை. என்ன சொல்கிறான், எதைப் பார்க்கச் சொல்கிறான் என்று அழுகையின் நடுவில் எல்வுட்டைக் கேட்டாள். ஒன்றுமில்லை, மீன் பேச்சு என்று எல்வுட் சொன்னான். செத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்கூட இந்த மீன் பேச்சை விடமாட்டீர்களா என்று அவள் அவனைத் திட்டினாள். திட்டிவிட்டு, கையை முன்னால் நீட்டி அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். வீடு வந்து சேரும் வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.